முதல் நூலும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும்

அன்புள்ள ஐயா,

அரூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பன்னிரண்டு சிறுகதைகள் கைவசம் உள்ளன. அவற்றில் மூன்று மட்டும் சிற்றிதழ்களில் வந்தவை. தொகுப்பாகக் கொண்டுவர ஒரு பதிப்பகத்தை அணுகினேன். 160 பக்கம், 200 ரூபாய் விலை, 300 படிகள்; இதற்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணமாம். எனக்கு 50 படிகள் தருவார்கள். முதல் நூலுக்கு இதுதான் நடைமுறை என்கிறார்கள். கொடுத்துவிடலாமா, அமேசானின் கிண்டிலில் மின்னூலாக நானே வெளியிடலாமா, அல்லது காத்திருப்பதா?

வாசகர் ஒருவர், அரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்க வேண்டாம். எழுதியவரே பணம் போட்டு நூல் கொண்டுவருவது இழிவு என்பதால் இப்படிச் சொல்லவில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டித்தான் அச்சுச் செலவுக்கு வழி தேடினார். இன்று பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிப்பதும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். உங்களிடம் பணம் கேட்டதைவிட, அந்தப் பணத்துக்கு ஈடாக உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது.

300 படிகளுக்கு 45,000 என்றால் படி ஒன்றுக்கு 150 ரூபாய் ஆகிறது. தாள், அச்சு, கட்டு, அட்டை வடிவமைப்பு அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. திருவல்லிக்கேணியில் இரண்டு அச்சகங்களிடம் நூலின் அளவையும் தாளின் தரத்தையும் சொல்லிக் கொட்டேஷன் வாங்கினால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக, செலவு முழுவதையும் நீங்கள் ஏற்ற பிறகு 250 படிகள் அவர்களுக்குச் சொந்தமாகின்றன. கடைக்காரருக்கு 40 விழுக்காடு கழிவு போனாலும் அவற்றின் விற்பனையில் 30,000 ரூபாய் வரும். அதில் உங்களுக்குப் பங்கு உண்டு என்று நீங்கள் எழுதியதில் எங்கும் இல்லை. உங்கள் 50 படிகளை முழு விலைக்கே விற்றாலும் கைக்கு வருவது 10,000 தான், அதிலும் பாதியை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவீர்கள். ஐஎஸ்பிஎன் எண்ணையோ மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம்.

தன் முதலைப் போட்டு, பிரதியைச் செம்மையாக்கி, மெய்ப்புப் பார்த்து, விற்பனைக்கும் பொறுப்பேற்பவரே பதிப்பாளர். அவ்வாறு ஏற்பவர் வழக்கமாக விலையில் 10 விழுக்காட்டை உரிமைத்தொகையாகத் தருவார். உங்கள் நூலுக்கு 300 படிகளும் விற்றால் 6,000 ரூபாய். சிறு தொகைதான், அதையும் பணமாகத் தராமல் படிகளாகத் தருபவர்கள் உண்டு. ஆனாலும் கைப்பணம் போகாது என்பதோடு, இந்தக் கதைகள் விற்கும் என்று நம்பிப் பிறர் ஒருவர் பணம் போட்டிருக்கிறார் என்பதற்கு முதல் நூலில் தனி மதிப்பு உண்டு.

எவரிடம் போனாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையொப்பமிட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இந்தப் பாதுகாப்பெல்லாம் ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்ற ஒரே வரியில் கைநழுவிவிடக்கூடும் என்பதால், அந்த வரியை அடித்துவிட்டு, தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமை மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும். சிறுகதைக்கு யார் படம் எடுக்கப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள் பின்னாளில் சிரிக்கவில்லை.

கிண்டிலில் தமிழ் நூலை நீங்களே செலவின்றி ஏற்றலாம். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு கிடைக்க வேண்டுமானால் அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ என்னும் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, இல்லையெனில் 35 விழுக்காடுதான். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஏற்கெனவே வாசகர்கள் உள்ளவருக்குத்தான் கிண்டில் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். புதியவரின் சிறுகதைத் தொகுப்பு அங்கே கண்ணில் படாமலே கிடக்கும். சொந்தமாக அச்சிட்டே தீருவது என்றால், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50 படிகள் போடுங்கள். படி ஒன்றுக்கான செலவு சற்றுக் கூடும், எனினும் வீட்டில் கட்டுக்கட்டாகத் தேங்காது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பொன்னாடையும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். நூலைவிட அதற்கு அதிகமாகிவிடும்.

என் விருப்பம் நீங்கள் ஓராண்டு பொறுப்பதே. பன்னிரண்டில் மூன்று மட்டுமே அச்சேறியிருக்கின்றன. இன்னும் நான்கைந்து இதழ்களில் வரட்டும். அந்த இதழ்களைப் பதிப்பாசிரியர்களும் படிக்கிறார்கள், சிலவற்றை நடத்துபவர்களே பதிப்பாளர்களாகவும் இருக்கிறார்கள். பிரதியை அக்டோபருக்குப் பிறகு அனுப்பாதீர்கள். சனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கான பரபரப்பில் புதியவரின் கதையைப் பிரிக்கக்கூட ஆளிருக்காது. காட்சி முடிந்து பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, வெளிவந்த கதைகளில் சிறந்த இரண்டையும் வெளிவராத ஒன்றையும் ஒரு பக்கக் கடிதத்துடன் அனுப்புங்கள். முழுத் தொகுப்பையும் அவர்கள் கேட்கும்போது கொடுக்கலாம்.