கையில் ஜாக் ஜோடி, ஃப்ளாப்பில் ஏஸ்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கையில் நல்ல ஜோடி வந்தது, ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு விழுந்துவிட்டது. எல்லாமே டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டம்தான்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்).

ஜாக் ஜோடி வந்தாலே எனக்கு ஓவர்கார்ட் (ஜோடியைவிடப் பெரிய சீட்டு) விழுகிறது. ராசி சரியில்லையோ?

ராசியைத் திட்டாதீர்கள். ஜாக்குக்கு மேலே ராணி, ராஜா, ஏஸ் என்று 12 சீட்டு இருக்கிறது. உங்கள் கையில் உள்ள இரண்டு போக மீதி 50. அதிலிருந்து மூன்று விழும்போது அந்த 12-இல் ஒன்றாவது வருவது நூற்றுக்கு 57 முறை. ராணி ஜோடிக்கு 41, ராஜா ஜோடிக்கே 23. பத்துகளின் ஜோடி என்றால் கிட்டத்தட்ட 70.

பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) இருந்து ஜாக் ஜோடியுடன் ரைஸ் செய்தேன் (பந்தயத்தை ஏற்றினேன்). பிக் பிளைண்ட் (சீட்டு வருமுன்னே கட்டாயப் பந்தயம் கட்டியவர்) மட்டும் கால் (அதே தொகையைப் போட்டார்). ஃப்ளாப்பில் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் 7, கிளாவர் 2. அவர் செக் செய்தார் (பந்தயம் கட்டாமல் விட்டார்), நானும் பயந்துபோய் செக் செய்தேன். தப்பா?

தப்பே இல்லை. பல நேரம் நானும் அங்கே செக்தான் செய்வேன், ஆனால் காரணம் வேறு. நீங்கள் பெட் போட்டால் யார் கால் செய்வார்கள்? ஏஸ் வைத்திருப்பவர் செய்வார், 7 வைத்திருப்பவர் ஒருவேளை செய்வார். மற்றவர்கள் போய்விடுவார்கள். அவர்களிடமிருந்து ஒரு பைசா வராது. செக் செய்து டர்னை இலவசமாகக் காட்டுவதிலும் பெரிய ஆபத்தில்லை. அவரிடம் ராஜா-ராணி இருந்தால்கூட அவரைக் காப்பாற்றுவது ஆறே சீட்டு. டர்னில் அது வருவது நூற்றுக்கு 13 முறை.

இதே ஃப்ளாப்பில் உங்களிடம் 8 ஜோடி என்றால் கதை மாறும். 9-இலிருந்து ராஜா வரை எது விழுந்தாலும் தலைவலி. அப்போது பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பணம், அதில் மூன்றில் ஒரு பங்கு பெட் போட்டு, ராணி-பத்து மாதிரி கைகளை அங்கேயே விரட்டிவிடுவேன்.

இன்னொன்று. ஒரு ஏஸ் மேஜையில் கிடந்தால் மீதி மூன்றுதான். ஏஸ்-ராஜா 16 விதமாக வரக்கூடிய கை, இப்போது 12 விதம்தான். ஏஸைப் பார்த்ததும் அவரிடம் ஏஸ் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் அந்த வாய்ப்பு இப்போதுதான் குறைந்திருக்கிறது. அதனால் டர்னில் அவர் சின்னதாக பெட் போட்டால் ஒரு முறை கால் செய்யுங்கள். ரிவரில் மறுபடி பெரிதாகப் போட்டால் விட்டுவிடுங்கள். நண்பர்கள் வட்டத்து ஆட்டங்களில் ரிவர் வரை புளஃபை (கையில் ஒன்றுமில்லாத பந்தயத்தை) இழுத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

பாட் 600, அவர் பெட் 300. 'செட் (என் ஜோடிக்கு மூன்றாவது சீட்டு) அடித்துவிட்டால்' என்ற ஆசையில் கால் செய்யலாமா?

300 கொடுத்து 900-க்கு ஆடுகிறீர்கள். நாலில் ஒரு முறை ஜெயித்தால் கணக்கு சரியாகும். உங்கள் செட்டுக்கு மீதி இரண்டே சீட்டு. டர்னில் அது வருவது நூற்றுக்கு நாலு முறை. கால் செய்வதானால், அவர் கையில் ஒன்றுமில்லாமல் போடுகிறார் என்று நினைத்துச் செய்யுங்கள்.

நாலு பேர் ஆட்டத்தில். என்னிடம் 9 ஜோடி, ஃப்ளாப்பில் ராஜா, ஜாக், 6. முன்னால் ஒருவர் பெட், ஒருவர் கால்.

ஃபோல்டு, சீட்டைப் போட்டுவிடுங்கள். யோசிக்கக்கூட வேண்டாம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு காசினோ கப்பலில் எனக்குப் பத்து ஜோடி. ஃப்ளாப்பில் ராணி, 8, 5. முதல் ஆள் பெட், அடுத்தவர் கால், மூன்றாவதாக நானும். ரிவர் வரை இப்படியே போனது. கடைசியில் ஒருவர் ராஜா-ராணியை விரித்தார், மற்றவர் 5-இல் செட் காட்டினார். என் பத்துகளைக் காட்டாமலே டீலர் பக்கம் தள்ளிவிட்டேன்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஃப்ளாப்புக்கு முன்பே ஜாக் ஜோடியில் ஆல்-இன் (மொத்த சிப்ஸும்) போய்விட்டால்?

டோர்னமெண்டில் பத்துப் பதினைந்து பிக் பிளைண்டு அளவு சிப்ஸ்தான் மீதி என்றால் தாராளமாக. நூறு பிளைண்டு வைத்துக்கொண்டு செய்தால், நீங்கள் ஜெயிக்கக்கூடிய கைகள் எல்லாம் ஓடிவிடும். கால் செய்வது ஏஸ்-ராஜாவும் உங்களைவிடப் பெரிய ஜோடிகளும்தான். ஏஸ்-ராஜாவிடம் கொஞ்சம் முன்னால் இருப்பீர்கள். பெரிய ஜோடியிடம் ஐந்தில் ஒரு முறைதான் பிழைப்பீர்கள்.

போனில் காசு கட்டி ஆடிப் பழகலாமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டிருக்கிறது. போக்கரும் அதில் சேர்த்தி. காசில்லாத சிப்ஸில் பழகுங்கள்.

ஏஸ் விழுந்ததும் என் முகமே மாறிவிடுகிறது. என்ன செய்ய?

டீலர் ஃப்ளாப்பைத் திருப்பும்போது சீட்டைப் பார்க்காமல் எதிராளியைப் பாருங்கள். சீட்டு அங்கேயேதான் கிடக்கும், அப்புறம் பார்க்கலாம். அவர் ஃப்ளாப்பைப் பார்த்த கையோடு தன் சிப்ஸை ஒரு நொடி எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அவருக்கு அது பிடித்திருக்கிறது.