மேட்டூர்: அடிக்கணக்கும் டிஎம்சி கணக்கும்

கேள்வி: மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. 60 அடி தண்ணீர் நின்றால் பாதி அணை என்றுதானே அர்த்தம்? 25 டிஎம்சிதான் இருக்கிறது என்கிறார்களே! (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: அணை செங்குத்தான தொட்டி அல்ல, வாணலி மாதிரி. அடியில் குறுகலான பழைய ஆற்றுப் பள்ளம். மேலே வர வரப் பரப்பு விரியும். 120 அடியில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி), 100 அடியில் சுமார் 65. ஆக, மேல் 20 அடியில் நிற்கும் தண்ணீர், கீழ் 60 அடியில் நிற்பதைவிட அதிகம். செய்தியில் நீர்மட்டத்தை விட்டுவிட்டு நீர் இருப்பைப் பாருங்கள்.

கேள்வி: வரத்தும் திறப்பும் தெரிந்தால், எத்தனை அடி குறையும் என்று நாமே கணக்குப் போடலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தாராளமாக. வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. வரத்து 4,000, திறப்பு 12,000 என்று வையுங்கள். வித்தியாசம் 8,000; அதை 86,400 வினாடியால் பெருக்கினால் 0.69 டிஎம்சி. அணை நிரம்பியிருக்கும்போது ஒரு அடிக்கு ஏறக்குறைய 1.6 டிஎம்சி பிடிக்கும். அரை அடிகூடக் குறையாது. அதே திறப்பு 60 அடிக்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட ஒரு அடி இறங்கிவிடும். கோடையில் மளமளவென்று இறங்குவதாகத் தோன்றுவது இதனால்தான்.

பலருக்குக் கணக்கு தப்புவது ஓரிடத்தில்: காலை 8 மணி வரத்தை நாள் முழுக்க அதே அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். மதியத்துக்குள் அது மாறியிருக்கும். ஆவியாதல் வேறு இருக்கிறது. நேற்றைய இருப்பிலிருந்து இன்றைய இருப்பைக் கழிப்பதுதான் பிசகாத வழி.

கேள்வி: அணை நிரம்பிவிட்டால் குறுவை, சம்பா நெல் பருவங்கள் இரண்டுக்கும் கவலை இல்லையா? (வாசகர், பாபநாசம்)

பதில்: இருக்கிறது. டெல்டா பாசனம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, 230 நாள். 12,000 கனஅடி வீதம் திறந்தால், வரத்தே இல்லாதபோது நிரம்பிய அணை 90 நாள்தான் தாங்கும். மிச்சத்துக்கு, கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து வரும் காவிரித் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் கை கொடுக்க வேண்டும். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பின்படி கர்நாடகம் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி, அதில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24. நாற்றங்காலுக்கு அவசரப்படும் ஜூனில் பங்கு இவ்வளவுதான். அதனால் ஜூன் தொடக்கத்தில் அணையில் என்ன இருப்பு என்பதை வைத்தே குறுவைப் பரப்பை முடிவு செய்யுங்கள்.