மேல்மலையில் வயரிங் வேலை: குளிரைவிட ஈரம்தான் சோதிக்கும்

கேள்வி: எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு கான்ட்ராக்டரிடம் எட்டு மாதமாகக் கையாளாக இருக்கிறேன். கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூருக்குப் பக்கத்தில் விடுதி கட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார். கார்த்திகையில் தொடங்கி பங்குனி வரை இருக்கும். குளிர்ப் பகுதியில் வயரிங்கே வேறு மாதிரி என்கிறார்கள். என்ன மாறும்? இந்த வேலை அனுபவமாகச் சேருமா?

பதில்: தாராளமாகப் போங்கள். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்ற கணக்கு மலையிலும் அதேதான். மதுரை வெயிலில் நாம் செய்யும் சின்னச் சின்னத் தவறுகளைச் சுவர் உலர்ந்து மறைத்துவிடும். மலையில் சுவர் சீக்கிரம் உலராது, அதனால் அதே தவறு அங்கே வெளியே வந்துவிடும். கிளம்புமுன் கான்ட்ராக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சைட்டில் மெகர் (வயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) இருக்குமா? இல்லை என்றால் வாடகைக்காவது எடுத்துவரச் சொல்லுங்கள். மெகர் இல்லாமல் மேல்மலையில் வேலை பழகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுவது மாதிரி.

முதலில் பைப். மார்கழிக் காலையில் பி.வி.சி. பைப் விறைத்துப்போயிருக்கும். வளைக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு முழங்காலில் வைத்து ஒரே இழுப்பாக வளைத்தால் வெளிப்பக்கம் வெள்ளைக்கோடு விழும். அந்த இடம் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். சென்ட்ரிங் கம்பிமேல் கட்டி, கான்கிரீட் போட்டு ஆள் மிதிக்கும்போது அங்கேதான் உடையும். பைப் கட்டைக் காலை வெயிலில் பரப்பி வையுங்கள். வளைக்க வேண்டிய இடத்தை உலர்ந்த சாக்குத் துணியால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி, மெதுவாக, வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையுங்கள். விட்டதும் அது சரியான கோணத்துக்குத் திரும்பும். வளைவின் ஆரம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்டவ் தீயில் காட்டி வளைப்பவர்கள் உண்டு. பைப் வாய் சுருங்கி, பிறகு வயர் இழுக்கும்போது உயிரை வாங்கும்.

பைப் ஒட்டும் பசையும் குளிரில் தாமதமாகத்தான் பிடிக்கும். பனி ஈரத்தைத் துடைக்காமல் பசை தடவினால் பிடிக்கவே பிடிக்காது. துடைத்து, தடவி, செருகி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஒட்டிய உடனே இழுத்துக் கட்டாதீர்கள். மூட்டு விட்டுப்போனால் சிமென்ட் பால் உள்ளே இறங்கிக் கல்லாகிவிடும். அப்புறம் தளத்தைக் கொத்துவதைத் தவிர வழியில்லை.

வயர் சுருளை ராத்திரி வெளித் திண்ணையில் விடாமல் அறைக்குள் வையுங்கள். விறைத்த வயரை வளையம் வளையமாக உருவினால் முறுக்கு விழும். பூச்சு வேலை முடிந்து சுவர் ஓரளவு வெளுக்கும்வரை வயர் இழுக்க வேண்டாம். கீழே ஒரு வாரத்தில் ஆகிற காரியம் மேலே மூடுபனி நாட்களில் பல வாரம் பிடிக்கும். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி, மலையில் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு கோளாறு. விடுதி அறைக்குள் வெதுவெதுப்பான காற்று, குளித்த ஆவியோடு இருக்கும். அதே பைப் வழியே அந்தக் காற்று வெளிச்சுவர் லைட்டின் பாக்ஸ் வரை போகும். அங்கே சில்லென்ற மூடியில் பட்டு நீராக மாறும். காலையில் அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள்: உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், கனெக்டர் திருகைச் சுற்றிப் பச்சைப் பாசி பிடித்தாற்போல் செம்புக் களிம்பு. மழை உள்ளே வந்துவிட்டது என்று எண்ணி வெளியே சிலிகான் பூசுவார்கள், கோளாறு தீராது, ஏனென்றால் தண்ணீர் உள்ளிருந்து வருகிறது. வயர் இழுத்து முடித்ததும், அறைப்பக்கத்துப் பைப் வாயைச் சிலிகானாலோ அடைப்பு மக்காலோ மூடுங்கள். வெளி பாக்ஸுக்குப் பைப்பை அடியிலிருந்து ஏற்றுங்கள். தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 ரக பாக்ஸ் போட்டாலும், அதன் அடியில் நீர் வடிய வழி உள்ள ரகமாகப் பாருங்கள். டேப் சுற்றிய மூட்டு எந்த வெளி பாக்ஸிலும் கூடாது.

மெகர் பார்ப்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம், இதுதான் நீங்கள் அங்கே கற்க வேண்டிய தலையாய வேலை. மெயினை ஆஃப் செய்து டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃபில் இருக்கட்டும். பல்பு, எல்.இ.டி. டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர், சர்ஜ் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், 500 வோல்ட்டில் அவை கெட்டுவிடலாம். சுவிட்சுகள் ஆனில் இருக்கட்டும். ஒவ்வொரு சர்க்யூட்டிலும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் டி.சி.யில் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே. 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் சப்ளை கொடுக்கக் கூடாது.

குறைவாக வந்தால் பதற வேண்டாம், யோசிக்க வேண்டும். எல்லா சர்க்யூட்டும் ஒரே மாதிரி 0.4, 0.5 என்று இறங்கியிருந்தால் ஈரம். பாக்ஸ் மூடிகளைத் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் உலர்கிறது. ஒரே ஒரு சர்க்யூட் மட்டும் கீழே கிடந்து, மூன்று நாளாகியும் நகரவில்லை என்றால், ஆணி பாய்ந்திருக்கும் அல்லது பாக்ஸ் விளிம்பில் தோல் உரிந்திருக்கும். நடுவிலுள்ள ஜங்ஷனைப் பிரித்து எந்தப் பாதி என்று பாருங்கள், அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஒவ்வொரு அளவையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

ஆனால் லோடு கணக்கு மலையில் மாறும். 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்ற 2 கிலோவாட் கீசருக்கு மதுரையில், தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால், சுமார் 9 நிமிடம். மேலே தண்ணீர் 10 டிகிரி என்று வைத்தால் 18 நிமிடம். காலை ஆறு மணிக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும் என்று வைத்தே மெயின் கேபிளைக் கணக்கிட வேண்டும். ரூம் ஹீட்டர் இன்னும் மோசம். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர். விருந்தாளி ஒரே சர்க்யூட்டில் இரண்டு சொருகினால் 17.4. 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானே ஆஃபாகும் சுவிட்ச்) விழும் என்று நினைப்பீர்கள். விழாது: 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் தாங்குவதுதான் அதன் விதி. போதாததற்கு அது 30 டிகிரிக்கு அளவிட்டு வந்தது, குளிர்ந்த டி.பி.க்குள் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) இன்னும் தாமதமாகத்தான் விழும். அதற்குள் பிளக்கின் முள் சூடாகிக் கருகும். ஆகவே ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட்.

எர்த்துக்குப் பாறைதான் பகை. நம் கரிசலில் 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்குவது பெரிய வேலையில்லை. மேல்மலையில் முக்கால் மீட்டரிலேயே பாறை தட்டலாம். பைப்பை வெட்டிக் குட்டையாக்கி ஒப்பேற்றுவதுதான் அங்கே வழக்கமான தவறு. அதற்குப் பதில் அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், 15 மீட்டருக்குக் குறையாத நீளத்தில் வாய்க்கால் வெட்டி ஜி.ஐ. பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். அளவை மாசி, பங்குனியில் மண் காய்ந்தபின் பாருங்கள், ஐப்பசி ஈரத்தில் எந்த எர்த்தும் நன்றாகவே காட்டும். எர்த் 20 ஓம் என்று வையுங்கள். கீசர் உடலில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, கீசர் உடல் கரண்டோடு நிற்கும். அங்கே ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கட்டுமானத்துக்கான தற்காலிக போர்டிலும் அதை முதல் நாளே மாட்டச் சொல்லுங்கள். கட்டிங் மெஷின் கேபிள் ஈர மண்ணில்தான் கிடக்கும்.

விரல் மரத்திருக்கும்போது திருகு இறுகிய மாதிரித் தோன்றும், இறுகியிருக்காது. முறுக்கியபின் வயரை இழுத்துப் பாருங்கள், மதியம் ஒருமுறை திரும்ப முறுக்குங்கள். ராத்திரி அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அந்தப் புகையில் நாற்றமே தெரியாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிவிட்டால் ஒரு பைப் பெண்டுக்காக (வளைவுத் துண்டு) அரைநாள் போகும். பெண்டு, கப்ளர், கனெக்டர், பசை எல்லாம் பத்துக்கு ஒன்று கூடுதலாகக் கட்டுங்கள்.

அனுபவம் சேருமா என்றால், வெறும் கையாளாக இருப்பது சட்டப்படி அப்ரெண்டிஸ் ஆகாது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் அது பழகுநர் காலம், முடிவில் தேர்வெழுதித் தேசியச் சான்றும் கிடைக்கும். அதற்கு வழி உண்டா என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டாலும், ஒவ்வொரு கட்டடம் முடியும்போதும் அவருடைய லைசென்ஸ் எண், வேலையின் வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள் எழுதிக் கையொப்பமிட்ட அனுபவக் கடிதம் வாங்கிவிடுங்கள். மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வயர்மேன் தகுதிச் சான்றுக்குப் போகும்போது உங்கள் ஐ.டி.ஐ. சான்றோடு அதையும் வைக்கலாம். பங்குனியில் மலை இறங்கும் அன்றே அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.