ஞானப் பல் அகற்றம்: அறுவைக்கு முன்னும் பின்னும் – கேள்வி பதில்

பல் மற்றும் தாடை அறுவைச் சிகிச்சைத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், ஞானப் பல் குறித்து உறுப்பினர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வது இதிலிருந்து வேறுபட்டால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 22. கீழ்த்தாடையில் ஞானப் பல் படுத்த நிலையில் இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. வலி இல்லை. கட்டாயம் எடுக்க வேண்டுமா?

பதில்: படுத்திருக்கிறது என்பது மட்டுமே எடுப்பதற்குப் போதிய காரணம் ஆகாது; வலியில்லை என்பதும் விட்டுவிடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் ஏதுமில்லாத ஞானப் பல்லை முன்னெச்சரிக்கையாக அகற்ற வேண்டாம் என்கிறது. அமெரிக்காவிலோ இளவயதிலேயே எடுத்துவிடுவதை ஆதரிக்கும் அறுவை மருத்துவர்கள் பலர் உள்ளனர். நான் முதலில் பார்ப்பது ஞானப் பல்லை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் பின்புறச் சுவரைத்தான். படுத்த பல் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால், இடையில் உணவு தங்கி, பிரஷ் எட்டாத இடத்தில் சொத்தை விழுகிறது. அது வலிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் நரம்பு வரை போயிருக்கும். ஞானப் பல் இல்லாமல் போவதால் மெல்லுவதில் ஒரு குறையும் வராது. முன்னிருக்கும் அந்தப் பல் போனால் குறை நிச்சயம். ஆகவே அங்கே சொத்தையின் அறிகுறி இருந்தாலும், பல்லை மூடியுள்ள ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்தாலும் எடுத்துவிடுவதே நல்லது. இரண்டும் இல்லையென்றால் முறையான இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தால் போதும். முன்பற்கள் கோணலாகிவிடும் என்ற அச்சத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம். அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை.

கேள்வி: முழு மயக்கம் கொடுப்பார்களா? நாற்காலியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் சற்றுக் குறையும்.

பதில்: பெரும்பாலோருக்கு மரத்துப் போகும் ஊசி மட்டுமே போதும். ஊசி போட்டுச் சில நிமிடங்களில் கீழுதட்டின் ஒரு பாதியும் நாக்கின் அதே பக்கமும் தடித்துப் போனதுபோல் தோன்றும். உதடு மரத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே மருத்துவர் கத்தியை எடுப்பார். அதன் பிறகு வலி தெரியாது, ஆனால் அழுத்தம் தெரியும், சத்தமும் கேட்கும். ஈற்றைச் சிறிது விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி எடுப்பார்கள். முழுப் பல்லையும் வெளியே இழுக்க எலும்பை அதிகம் வெட்ட வேண்டியிருக்கும் என்பதால்தான் இப்படித் துண்டாக்குகிறோம். நெம்பும் கருவியால் தள்ளும் கணத்தில் தாடைக்குள் ‘கடக்’ என்று ஒரு சத்தம் காதருகில் கேட்கும். அந்த ஓசையில்தான் பலர் திடுக்கிடுகிறார்கள். அது பல் துண்டு பிரியும் ஓசை, தாடை உடைவதல்ல. இடையில் சுருக்கென்று வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். இடக்கையை உயர்த்துங்கள், மீண்டும் மருந்து செலுத்துவார்கள். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம். முழு மயக்கம் திட்டமிட்டிருந்தால் மட்டுமே பட்டினி தேவை.

கேள்வி: எடுத்த அன்று கன்னம் சாதாரணமாக இருந்தது. இன்று மூன்றாம் நாள், மிகவும் வீங்கியிருக்கிறது. வாயும் சரியாகத் திறக்கவில்லை. கிருமித் தொற்றா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் மிகுதியானோர் கேட்டிருக்கிறார்கள். வீக்கம் அறுவைக்குப் பின் ஏறிக்கொண்டே போய் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, அதன் பிறகே வடியத் தொடங்கும். மெல்லும் தசைகள் இறுகுவதால் வாய் திறப்பதும் அதே நாட்களில் குறையும். ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். ஐஸ் ஒத்தடத்தால் பயன் முதல் நாளில்தான், துணியில் சுற்றி இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடுவது, வடிந்து பின் மறுபடியும் ஏறுவது, காய்ச்சல், சீழ் ஆகியவை இந்தப் போக்குக்குப் புறம்பானவை. அப்போது மருத்துவரிடம் செல்லுங்கள். எச்சில் விழுங்கவே சிரமமானாலும், நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழ் கழுத்திலோ கல்போல் வீக்கம் இறங்கினாலும், மூச்சு வாங்கினாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: முதல் மூன்று நாட்கள் நன்றாக இருந்துவிட்டு, நான்காம் நாளிலிருந்து காது வரை வலி இழுக்கிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை. வாயில் துர்நாற்றமும் இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வது உலர்குழிக்கு, அதாவது மருத்துவர்கள் ‘டிரை சாக்கெட்’ என்று சொல்வதற்கு, முற்றிலும் பொருந்துகிறது. பல் எடுத்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். புண்ணின் மேல் படியும் பொருக்கைப்போல அது அடியிலுள்ள எலும்பை மூடிக் காக்கிறது. அது கரைந்தோ கழன்றோ போய்விட்டால் எலும்பு வெளியே தெரிந்து, தாங்க முடியாத வலி எடுக்கும். வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை, ஆன்டிபயாடிக்கும் இதற்கு மருந்தல்ல. மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, கிராம்பு எண்ணெயின் சத்து சேர்ந்த மருந்துத் துணியை உள்ளே வைப்பார்; பெரும்பாலோருக்கு அன்றைக்கே வலி வெகுவாகக் குறைந்துவிடும். இன்றே போங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அறுவைக்குப் பின் தரும் அத்தனை கட்டுப்பாடுகளும் இந்தக் கட்டியைக் காப்பதற்கானவைதாம். பஞ்சை ஒரு மணி நேரம் விடாமல் கடித்திருப்பது, அன்று முழுவதும் துப்பாமலும் கொப்பளிக்காமலும் எச்சிலை விழுங்கிவிடுவது, புகைக்காமல் இருப்பது, சூடான காபியைத் தவிர்ப்பது எல்லாம் அதற்காகவே. எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வருவது ஒரு நாள் வரை இயல்பு. வாய் நிறைய இரத்தம் ஊறினால் ஈரப் பஞ்சை மடித்து மீண்டும் ஒரு மணி நேரம் கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து மெல்ல அலசுங்கள். ‘கொளகொள’ என்று வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்? இளநீர் குடிக்கலாமா?

பதில்: இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, உறிஞ்சும் இழுப்பே குழியில் உறைந்த இரத்தக் கட்டியைப் பெயர்க்கக்கூடும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் நாள் மோர், குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி ஆகியவை போதும். முறுக்கு, மிக்சர், வறுத்த கடலை ஆகியவற்றை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். காரம் தையலில் எரியும் என்பதைத் தவிர வேறு கெடுதல் செய்யாது.

கேள்வி: மேல் தாடைப் பல்லை எடுத்தால் கண் பார்வை குறையும் என்று என் அம்மா தடுக்கிறார்.

பதில்: அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள், குறையாது. பார்வையைச் சுமப்பது இரண்டாம் கபால நரம்பு. பற்களின் உணர்வைச் சுமப்பது ஐந்தாம் கபால நரம்பு. இரண்டும் வெவ்வேறு பாதைகள். இந்த அச்சத்தால் சீழ் வைத்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. மேல் ஞானப் பல்லின் உண்மையான அண்டைவீடு கண் அல்ல, மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறை. வேர் அதை ஒட்டியிருந்தால், இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாமலும் தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து தும்மியும் இருக்கும்படி மருத்துவர் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. சர்க்கரை நோய் உண்டு. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு அழைத்துச் செல்லட்டுமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை நிறுத்துவதால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து, பல் குழியில் சற்று அதிகமாக வடியும் இரத்தத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அந்த இரத்தத்தைத் தையலாலும் அழுத்தத்தாலும் எங்களால் நிறுத்திவிட முடியும். இதய மருத்துவரின் கடிதத்தோடு வாருங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மைய அறிக்கையும் தேவை. சர்க்கரைக்குக் காலை நேரம் நல்லது. வழக்கமான உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு வரட்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் அமிலம் போன்ற ஊசி எப்போதாவது போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு அதில் உண்டு.

கேள்வி: பல் எடுத்துப் பத்து நாட்களாகியும் கீழுதடு மரத்தே இருக்கிறது. முகவாதம் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் இந்த நரம்பு உணர்வை மட்டுமே சுமக்கிறது, உதட்டை அசைப்பது வேறொரு நரம்பு. வேர் நரம்பை ஒட்டியிருக்கும்போது இப்படி நேர்வதுண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உணர்வு திரும்பும், மிகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. எறும்பு ஊர்வதுபோன்ற குறுகுறுப்பு தொடங்குவது நல்ல அறிகுறி. ஆயினும் அறுவை செய்தவரிடம் இப்போதே காட்டி, மரத்த பகுதியின் எல்லையைக் குறிக்கச் சொல்லுங்கள். அது சுருங்குகிறதா என்று பிறகு ஒப்பிட முடியும். இன்னும் பல் எடுக்காதவர்கள், எக்ஸ்ரேயில் வேர் நரம்பைத் தொடுவதுபோல் தெரிந்தால், முப்பரிமாண ஸ்கேன் தேவையா, வேரை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் எடுக்க இயலுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பாக்கு போடும் பழக்கம் உண்டு. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. ஞானப் பல்தான் காரணம் என்று நினைத்து எடுக்க விரும்புகிறேன்.

பதில்: பல்லை இப்போதைக்கு விட்டுவிட்டு, வாயை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஞானப் பல் வீக்கத்தால் வாய் இறுகினால் அது சில நாட்களில் தொடங்கி, வலியோடு வரும். வலியின்றி, ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக இறுகி, கன்னத்தின் உட்புறம் வெளுத்து, காரம் பட்டால் எரிகிறது என்றால், அது பாக்கினால் உண்டாகும் நார்த்தடிப்பு நோயாக இருக்கலாம்; புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. பாக்கை இன்றே நிறுத்துங்கள். செலவு தடையாக இருந்தால் சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெளியூர்க்காரர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம்.