எல்லாப் புத்தகமும் மொபைல்லயே கிடைக்கும்போது இன்னும் ஏன் அச்சுப் புத்தகத்தை வாங்கி வீடு முழுக்க அடுக்கி வைக்கறீங்க?

இந்தக் கேள்வியைப் பாத்துட்டு ரெண்டு நாள் பதில் எழுதாம இருந்தேன். ஏன்னா இதே கேள்வியை என்னை நானே கேட்டுக்கிட்டு, அதுக்குத் தப்பான பதிலையும் சொல்லிக்கிட்டு, 214 புத்தகத்தை வெட்டினவ நான். வெட்டினேன்னா நெஜமாவே வெட்டினேன். கட்டிங் மெஷின்ல முதுகை நறுக்கி, தாள் தாளாப் பிரிச்சு, ஸ்கேன் பண்ணிட்டு, தாளை எடைக்குப் போட்டுட்டேன்.

நீங்க கேட்டிருக்கற விதத்தைப் பாத்தா வீட்டுல இடம் பத்தல, யாரோ ஒருத்தர் தினமும் "இதையெல்லாம் எப்பதான் ஒழிக்கப் போற"ன்னு கேக்கறாங்கன்னு தோணுது. இல்லன்னா வீடு மாத்தப் போறீங்க, புத்தகப் பெட்டியைத் தூக்கறதை நினைச்சாலே முதுகு வலிக்குது. எனக்கு அப்ப ரெண்டுமே இருந்துச்சு. சின்ன வீட்டுக்குப் போறோம், பையனுக்குப் படிக்க ஒரு மேஜை போடணும், என் அலமாரி ரெண்டும் நின்ன இடத்துலதான் அந்த மேஜை வரணும். யார் மேலயும் பழி போட முடியாது, முடிவு எடுத்தது நான்தான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா "நீங்க பழைய காலத்து ஆளு, டெக்னாலஜி பிடிக்காது"ன்னு யாராவது ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு டிஜிட்டல் மேல எந்தக் கோபமும் இல்ல. நானும் மின்னூல் வாங்கறேன், படிக்கறேன். எங்கம்மாவுக்குக் கண்ணுல பிரச்சினை வந்தப்புறம் அச்செழுத்து படிக்கவே முடியாமப் போச்சு, எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கற வசதி இல்லன்னா அவங்க படிக்கறதையே விட்டிருப்பாங்க. கண் பார்வை இல்லாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டற வசதி எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அச்சுல தீர்ந்துபோய் எங்க தேடியும் கிடைக்காத புத்தகம் இணையத்துல பிடிஎஃப்பா கிடைச்சு அழுதிருக்கேன். அதனால இது எது ஒசத்திங்கற சண்டை இல்ல.

சரி, நடந்ததைச் சொல்றேன்.

என்னைவிட எங்கக்கா ஆறு வயசு பெரியவ. எனக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்ததே அவதான். வீட்டுக்கு ஒரு புத்தகம் வந்தா முதல்ல அவ படிப்பா, கையில பென்சிலோட. தெரியாத வார்த்தைக்குக் கீழ கோடு போட்டு, ஓரத்துல அவளா ஒரு அர்த்தம் எழுதி வெப்பா. அப்புறம் புத்தகம் என் கைக்கு வரும். நான் அவ எழுதினதுக்குக் கீழ "தப்பு"ன்னு எழுதுவேன், இல்ல வேற ஏதாவது எழுதுவேன். ஒரு கதையில வீட்டை விட்டு ஓடிப்போற பையன் ஒருத்தன் வருவான், அந்தப் பக்கத்துல அவ "இவன் திரும்பி வருவான் பாரு"ன்னு எழுதியிருந்தா. நான் படிச்சு முடிச்சுட்டு அதுக்குக் கீழ பெருசா "வரல"ன்னு எழுதினேன். கிட்டத்தட்ட பத்து வருஷம், அவ கல்யாணம் ஆகிப் போறவரைக்கும், ஒரே ரூம்ல படுத்துத் தூங்கற ரெண்டு பேர் புத்தக ஓரத்துல பேசிக்கிட்டோம். அவ ஒரு பரீட்சையில ஃபெயில் ஆன வருஷம், எல்லார்கிட்டேந்தும் ஒளிஞ்சுக்கற ஒரு பொண்ணைப் பத்தின பக்கத்துல, "எனக்கும் இப்படித்தான் இருக்கு"ன்னு எழுதித் தேதி போட்டு வெச்சிருந்தா. அதைப் படிச்சப்ப எனக்குப் பதினொரு வயசு. புரியல. அதுக்குக் கீழ நான் ஒண்ணும் எழுதல.

இந்தப் புத்தகங்களைத்தான் பைண்டிங் பண்ற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் ஒண்ணொண்ணா விரிச்சு நடு மடிப்பைப் பாத்துட்டு, "இதெல்லாம் தையல் போட்ட புக்குமா. முதுகை வெட்டிட்டா அப்புறம் கோந்து போட்டு ஒட்டத்தான் முடியும், மடிப்புல தைக்க முடியாது, யோசிச்சுக்குங்க"ன்னார். யோசிச்சுட்டேன்னு சொன்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டார். அவர் சொன்னதோட அர்த்தம் வெட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. பெரிய தாள்ல பதினாறு பக்கம் அச்சடிச்சு மடிச்சா அது ஒரு ஃபாரம். அந்த ஃபாரத்தை மடிப்பு வழியா நூல் கோத்துத் தைச்சு, இப்படி ஒண்ணொண்ணாச் சேத்துத்தான் அந்தக் காலத்துப் புத்தகம் ஆகியிருக்கு. மடிப்பு போயிடுச்சுன்னா நூல் பிடிக்க இடமே இல்ல. இப்ப வர்ற நிறைய புத்தகத்துல தையலே கிடையாது, முதுகைச் சுரண்டி சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிடறாங்க, ரெண்டு தடவை நல்லா விரிச்சா நடுவுல வாய் பிளந்து தாள் உதிருது. முழு விலை குடுத்து வாங்கற புத்தகத்தை இப்படிக் குடுக்கறது நியாயமே இல்லன்னு நான் நினைக்கறேன். புத்தகம் இடத்தை அடைக்குதுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் உருப்படியா தைச்ச புத்தகத்தைக் கையில பிடிச்சே இருக்க மாட்டாங்க.

வெட்டின தாளைப் பாத்தப்ப இன்னொண்ணு கவனிச்சேன். ஓரமெல்லாம் பழுப்பு, முதுகுப் பக்கம் போகப் போக வெளுப்பு. மரக்கூழ்ல செஞ்ச காகிதத்துல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சமும் காத்தும் படப்பட அது பழுப்பாயிடும், காகிதத்துல இருக்கற அமிலம் வேற நாரை அரிச்சு மொடமொடன்னு ஆக்கிடும். பழைய புத்தக வாசனைன்னு சொல்றோமே, அதுவே காகிதம் மெதுவா சிதையறப்ப வர்ற வாசனைதான், லிக்னின் உடையும்போது வெனிலா வாசனைக்குக் காரணமான வெனிலினும் கொஞ்சம் வரும். எனக்கு அன்னிக்கு இது ஒரு சமாதானமாக்கூட இருந்துச்சு. எப்படியும் அழியப் போற காகிதம், நான் காப்பாத்தறேன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆறு வாரக் கடைசி உக்காந்து ஸ்கேன் பண்ணேன். ஃபைல் சின்னதா இருக்கணும், எழுத்து பளிச்சுன்னு தெரியணும்னு செட்டிங்ல பிளாக் அண்ட் வைட்னு இருந்ததைப் போட்டேன். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து நாலு பக்கம் தள்ளிப் பாத்தேன், எழுத்து அருமையா இருந்துச்சு. சந்தோஷமா தாளையெல்லாம் கட்டி எடைக்குப் போட்டேன்.

அஞ்சு மாசம் கழிச்சு அக்கா வந்தா. வந்து கொஞ்ச நேரத்துல "அந்த நீல அட்டை புக்கை எடுடி, ஒண்ணு பாக்கணும்"னா. நான் பெருமையா டேப்லெட்டை நீட்டினேன், இதுல 214 புத்தகம் இருக்குன்னு. அவ தள்ளித் தள்ளிப் பாத்தா. ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்தா. ஒரு ஓரத்தைப் பெருசு பண்ணி அதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நம்ம எழுதினது எங்கடி?"ன்னு கேட்டா.

நான் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும்னு நினைச்சு வேற புத்தகத்தைத் திறந்தேன். அதுலயும் வெள்ளை. இன்னொண்ணு. வெள்ளை. பிளாக் அண்ட் வைட்னு போட்டா மெஷின் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெளுப்பான்னு மட்டும்தான் பாக்குமாம், நடுவுல சாம்பலே கிடையாது, ஒரு அளவுக்கு மேல கறுத்திருந்தாதான் கறுப்பு. அச்சு மை கறுப்பு, அதனால நின்னுது. அக்காவோட பென்சில் மங்கலான சாம்பல், அதனால காகிதத்தோட பழுப்போட சேத்து அதையும் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுப் போட்டுடுச்சு. அவ திட்டல. "சரி விடு"ன்னு சொல்லிட்டு டேப்லெட்டைக் கவுத்து வெச்சா.

அன்னிக்கு ராத்திரி எல்லா ஃபைலையும் திறந்து உக்காந்திருந்தேன். சில இடத்துல நான் பேனாவால எழுதியிருந்தேன், அதெல்லாம் அப்படியே இருக்கு. அந்த ஓடிப்போன பையன் பக்கத்துல "வரல"ங்கறது பெருசா, கறுப்பா, தெளிவா இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. அக்கா எழுதினது போய் நான் சொன்ன பதில் மட்டும் நிக்குது. அவ தேதி போட்ட பக்கம் எந்தப் புத்தகம்னே இப்ப எனக்கு நிச்சயமாத் தெரியல, ஏன்னா அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே அடையாளம் அந்தப் பென்சில்தான்.

"தேடற வசதி இருக்கே"ன்னு கேப்பீங்க. எழுத்தை அடையாளம் கண்டு தேடற மென்பொருளும் போட்டுப் பாத்தேன். பழைய அச்சுல காலும் (ா) 'ர'வும் பாக்க ஒரே மாதிரி, அதனால 'அப்பா'ங்கற இடத்துல எல்லாம் 'அப்பர'ன்னு எடுத்துக்கிச்சு. ஸ்கிரீன்ல பாத்தா சரியா இருக்கற மாதிரியே இருக்கும், தேடினா கிடைக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புத்தகத்துல தும்பிக்கை மாதிரி கொம்பு போட்ட 'லை', 'னை' எல்லாம் வேற என்னென்னமோவா மாறியிருந்துச்சு. பசை ஒட்டின இடத்துல ரெண்டு தாள் சேந்தே உள்ள போயி, பக்கம் விட்டுப்போன புத்தகம் எத்தனையோ.

நான் பண்ணின தப்பு மெஷினோட தப்பு இல்ல, கலர்ல போட்டிருந்தா பென்சில் வந்திருக்கும், ஒத்துக்கறேன். ஆனா இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்ல. 2009-ல அமேசான், விக்க உரிமை இல்லாத ஒருத்தர் போட்ட பதிப்புன்னு சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல் எழுதின ரெண்டு நாவலைக் காசு குடுத்து வாங்கினவங்களோட கிண்டில்லேந்தே, அதாவது மின்னூல் படிக்கற கருவிலேந்தே, எடுத்துடுச்சு. பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. ஆனா அதுல பாடத்துக்குக் குறிப்பு எழுதி வெச்சிருந்த ஒரு மாணவனுக்குக் குறிப்பு இருந்தும் எந்த வரிக்கு எழுதினதுன்னு இல்லாமப் போச்சு. எனக்கு வரி இருக்கு, குறிப்பு இல்ல. அந்தப் பையன் எப்படி உணர்ந்திருப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். 2019-ல மைக்ரோசாஃப்ட் மின்னூல் விக்கறதையே நிறுத்தினப்ப வாங்கினவங்க புத்தகமெல்லாம் திறக்காமப் போச்சு, அங்கயும் பணம் திரும்பி வந்துச்சு. பணம் வந்துட்டா புத்தகம் வந்த மாதிரின்னு நினைக்கறவங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. நாம மின்னூல்னு வாங்கறது பெரும்பாலும் படிக்கறதுக்கான அனுமதி மட்டும்தான், அதை அக்காவுக்குக் குடுத்துட்டு அவ எழுதித் திருப்பித் தர முடியாது.

படிக்கறதுலயும் வித்தியாசம் இருக்கு, இது என் பிரமை மட்டும் இல்ல. 2000-லேந்து 2017 வரைக்கும் நடந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல, ஒண்ணாச் சேத்துப் பாத்து 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. தகவல் கட்டுரை மாதிரி விஷயங்களைக் காகிதத்துல படிச்சவங்களுக்குத்தான் நல்லாப் புரிஞ்சிருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள படிக்கணும்னா வித்தியாசம் இன்னும் கூடுது. கதை படிக்கறதுல அந்த வித்தியாசம் தெரியலன்னும் அதே ஆய்வுதான் சொல்லுது, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஆனா 2019-ல 50 பேரை வெச்சு ஒரே நீளமான கதையைப் பாதிப் பேர் புத்தகத்துலயும் பாதிப் பேர் கிண்டில்லயும் படிச்சப்ப, கதையில எது முன்னாடி நடந்துச்சு எது பின்னாடி நடந்துச்சுன்னு சொல்றதுல புத்தகத்துல படிச்சவங்கதான் மேல. எனக்கு இது ஆச்சரியமே இல்ல. இடது கையில எவ்வளவு கனம் சேந்திருக்கு, வலது கையில எவ்வளவு மிச்சம்னு கை பாத்துக்கிட்டே இருக்கு. "இடது பக்கத்துல, கீழ, முக்கால்வாசி தாண்டினப்புறம்"னு ஒரு வரியை முப்பது வருஷம் கழிச்சும் தேடி எடுக்க முடியும்.

இதைச் சொல்லும்போது என் பையன் படிக்கற பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்து கோபம் வருது. பாதிப் பாடத்தை பிடிஎஃப்பா போன்ல அனுப்பறாங்க. வீட்டுப்பாடம் போன்ல, திருத்தம் போன்ல, பத்து வயசுப் பையன் சாயங்காலம் முழுக்கப் போனோட உக்காந்திருக்கான். அப்புறம் பெத்தவங்களைக் கூப்பிட்டு வெச்சு "பிள்ளைங்களுக்குப் போன் குடுக்காதீங்க, கண்ணு கெட்டுடும்"னு அரை மணி நேரம் பேசறாங்க. நான் எழுந்து கேட்டேன், அப்ப பாடத்தை அச்சடிச்சுக் குடுங்கன்னு. பரிசீலிக்கறோம்னாங்க. ஒரு வருஷம் ஆச்சு. நானே வீட்டுல பிரிண்ட் போட்டு, ஊசி நூல் வெச்சு நடுவுல தைச்சுக் குடுக்கறேன்.

மரத்தை வெட்டித்தானே காகிதம்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு புத்தகத்தை ஒரே ஒருத்தர் ஒரே தடவை படிச்சா நீங்க சொல்றது சரியா இருக்கலாம். எங்க வீட்டுல ஒரு புத்தகத்தைக் குறைஞ்சது அஞ்சு பேர் படிச்சிருக்கோம், அதுக்கு சார்ஜ் போட்டதில்ல.

வெட்டாம தப்பிச்சது ஏழு புத்தகம், காலிகோ பைண்டிங், அதாவது துணி ஒட்டின கெட்டி அட்டை போட்டது, மெஷின்ல நுழையாத தடிமன். அதுல ரெண்டுல அக்கா எழுத்து இருக்கு. ஒண்ணை அவகிட்டக் குடுத்துட்டேன்.

உங்க கேள்விக்கு வர்றேன். எல்லாத்தையும் வெச்சுக்குங்கன்னு சொல்ல மாட்டேன். கையெழுத்தே இல்லாதது, திரும்ப எப்ப வேணா வாங்கக் கிடைக்கறது, இதையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க, தப்பில்ல. குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமும் புரட்டிடுங்க, முதல் பக்கத்தை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. வெச்சுக்கறதை ஈரம் ஏறாத சுவர்ப் பக்கமா, வெயில் நேரா படாம, ரொம்ப நெருக்கமா இல்லாம நிமித்தி வைங்க, அப்பப்ப எடுத்துப் புரட்டினாலே காகிதத்தை அரிக்கற ராமபாணப் பூச்சி நிம்மதியாக் குடியிருக்காது. ஸ்கேன் பண்ணியே ஆகணும்னா வெட்டாம விரிச்சு வெச்சு மேலேந்து படம் எடுங்க, கலர்ல எடுங்க. முதல்ல பென்சில் கோடு இருக்கற ஒரு பக்கத்தை எடுத்து, ஸ்கிரீன்ல அந்தக் கோடு தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் மத்ததைத் தொடுங்க.