வாக்குத்தத்த வசனம் என் வீட்டில் பொய்த்துவிட்டதா, அக்கா?

கேள்வி: அக்கா, போன டிசம்பரில் என் கணவர் கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அந்த வருஷம் பிறந்த ராத்திரி ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷம் முழுக்கப் பற்றிக்கொள்ளச் சபையில் கொடுக்கும் வேத வசன அட்டை), 'நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்' என்ற வசனம் இருந்தது. மார்ச்சில் நோய் தெரிந்ததும் அதை அவர் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்தேன். கடைசி நாள்வரை அதைச் சொல்லித்தான் ஜெபித்தோம். இப்போது முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. கீமோவுக்குப் போனதே விசுவாசக் குறைவு என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், 'இயேசப்பா ஏம்மா அப்பாவை சுகமாக்கல?' என்று கேட்கிறான். சரியாகத் தூங்கியே பல மாதமாகிறது. வருஷ நினைவுக்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கச் சொல்கிறார்கள் மாமியார் வீட்டில். என்னத்துக்கு ஸ்தோத்திரம் சொல்வேன்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் அந்த ஜெபக்குழுப் பேச்சை உங்கள் மனதிலிருந்து இறக்கிவிட வேண்டும். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே ஏசாயா மூலமாகச் சொல்லியனுப்பினார். அதைவிட உறுதியான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைத்தது? அப்படியிருந்தும் அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் கையிலிருந்துதான் வந்தன. பவுலோடு கூடவே பயணம் போன லூக்கா வைத்தியர். உங்கள் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கீமோ முடிந்து வந்தவருக்குக் கஞ்சி ஊட்டி, வாந்தியைத் துடைத்தீர்களே, அதில் எந்த இடத்தில் விசுவாசம் குறைந்தது?

விசுவாசம் போதுமான அளவு இருந்தால் சுகம் கிடைத்தே தீரும் என்று போதிக்கிறவர்கள், அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அந்த ஒரே அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து வெளியே கூட்டிப்போகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வரிகூட அங்கே கிடையாது. பவுலின் உடலில் பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே எபேசுவில் வியாதிகள் நீங்கின. அதே பவுல், தன்னோடு பயணம் செய்த ஒருவரைப் பற்றி, 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்' என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். காரணம் சொல்லவில்லை, யார் மேலும் பழி போடவும் இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. ஆபத்திலிருந்த எத்தனையோ பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா, 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் ஒடிந்ததற்குப் பிறகு, 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். ஏறக்குறைய இருபது வருஷம். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்காவது வாய் வருமா? வராது. அப்படியானால் உங்கள் கணவரைப் பற்றியும் வரக்கூடாது.

இனி, அந்த வசனம். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அதுதான்.

அது 118-ஆம் சங்கீதத்தின் 17-ஆம் வசனம். 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை யூதர்கள் பஸ்கா இரவில் பாடுவது வழக்கம், 118 அந்த வரிசையில் கடைசி. ஆண்டவரும் சீஷர்களும் கடைசிப் பந்தி முடிந்து ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அவர்கள் பாடியது இந்தச் சங்கீதங்களாகத்தான் இருக்கும் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் தங்கச்சி. 'நான் சாவாமல், பிழைத்திருந்து' என்று ராத்திரி பாடிவிட்டுப் போனவர், மறுநாள் மூன்று மணிக்குள் சிலுவையில் செத்துப்போனார். அன்றைக்குச் சாயங்காலம் கல்லறைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த வசனம் எப்படித் தோன்றியிருக்கும்? இன்றைக்கு உங்களுக்குத் தோன்றுகிற மாதிரியேதான்.

மூன்றாம் நாளில் தேவன் அந்த வசனத்தை நிறைவேற்றினார். மரணத்தைத் தள்ளிப்போட்டு நிறைவேற்றவில்லை, மரணத்துக்கு உள்ளே போய் நிறைவேற்றினார். 'சரீர உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிக்கிறேன்' என்று ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்வது இதைத்தான். உங்கள் கணவருக்கு அந்த வசனம் பொய்த்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அது நிறைவேறும் நாள் இன்னும் வரவில்லை என்றே நம்புகிறேன். இதைச் சொன்னவுடன் உங்கள் வேதனை தீர்ந்துவிடாது என்றும் தெரியும். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த ஆண்டவரும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

வாக்குத்தத்த அட்டை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் சபைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். புது வருஷத்தில் ஒரு வசனத்தைப் பெற்று வருஷம் முழுக்கத் தியானிப்பது நல்ல பழக்கம். ஆனால் முழுச் சங்கீதத்திலிருந்து ஒரு வரியைப் பிரித்து, அதை நம் மெடிக்கல் ரிப்போர்ட்டுக்குப் பதிலாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நோயாளி வீட்டில் அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டு, அடக்கம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். மிச்சமிருக்கிற கேள்வி முழுவதையும் ஒரு விதவை தனியாகச் சுமக்கிறாள். இது சபையின் குறை, உங்கள் குறை இல்லை.

ஜெபம் வரவில்லை, கோபம் வருகிறது என்கிறீர்கள். 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று குற்றம் சொல்லி, இருட்டிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட பாட்டும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவும் அப்படித்தான் பேசினார். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது யோபுவின் மேல் அல்ல, தமக்காக வக்காலத்து வாங்கிய மூன்று சிநேகிதர் மேல்தான். அதனால் கோபத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சொல்லவும் தெம்பில்லாத நாளில் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிறர் எழுதியதை வாசியுங்கள், அதுவும் முடியாவிட்டால் சும்மா உட்காருங்கள். காலை ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்து, திருவிருந்து எடுத்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பி வரலாம். திருவிருந்தில் நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். பாடுவதையும் ஜெபிப்பதையும் கொஞ்ச நாள் மற்றவர்கள் உங்களுக்காகச் செய்யட்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், நான் அப்படி விடமாட்டேன். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பல மாதத் தூக்கமின்மை உடம்பையும் மனதையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினாலும் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மகனிடம் ஆயத்தம் செய்த பதில் எதையும் சொல்லாதீர்கள். 'நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்' என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் முகத்துக்கு நேரே ஆண்டவரைக் கேட்டாள், இன்னொரு சகோதரி மரியாளும் வந்து அதையே சொன்னாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் பிள்ளை கேட்பதும் அதே கேள்விதான். 'எனக்கும் தெரியலப்பா, நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்' என்று சொல்லுங்கள். அம்மா கோபத்தோடும் ஆண்டவரை விடாமல் பிடித்திருக்கிறாள் என்பதை அவன் பார்க்கட்டும். பரீட்சை வருஷம் வேறு. அவனோடு வாரத்தில் ஒரு நாளாவது பேச, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவரையோ தாய்மாமாவையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவுக் கூட்டத்தை மாமியார் வீட்டுக்காக நிறுத்த வேண்டாம், அவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் முன்கூட்டியே உங்கள் போதகரைத் தனியே பார்த்து, என்ன வாசிப்பது, யார் பேசுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். 118-ஐ வாசிப்பதானால் முதல் வசனத்திலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள், கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் அவரைப் பற்றிப் பேசட்டும். சாட்சி சொல்ல உங்களை யாரும் எழுப்பக்கூடாது என்பதைப் போதகரிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.