சேற்றுப்புண்ணில் சீழ் வைப்பது ஏன்?

கேள்வி: குறுவை நடவுக்குப் போய்வரும் என் அம்மாவுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். பூஞ்சைக் களிம்பு தடவியும் சீழ் வைத்துப் பாதம் வீங்குகிறதே, ஏன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சேற்றில் ஊறி வெளுத்த தோலின் கெரட்டின் என்னும் புரதத்தைப் பூஞ்சை தின்று வெடிப்பு உண்டாக்க, அவ்வழியே ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்திருக்கக்கூடும், பூஞ்சைக் களிம்பு மட்டும் இவற்றுக்குப் போதாது. பூஞ்சை, பாக்டீரியா இரண்டையும் எதிர்க்க முதலில் விரைந்து வருவன நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களே. கிருமிகளை விழுங்கி அவை மடிந்து சேர்வதுதான் நீங்கள் பார்க்கும் சீழ். கட்டுப்படாத சர்க்கரை நோய் அவ்வணுக்களின் திறனைக் குறைக்கும் என்பதால், இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை உடனே தணித்தாலும், எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்கிப் பூஞ்சையைப் பரவவிடும். அதை அம்மாவின் காலில் தயவுசெய்து தடவாதீர்கள். பாதம் வீங்கியிருப்பதால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.